சுள்ளி அடுப்பு: குற்றம் அடுப்பிலா, குச்சியிலா?

கேள்வி, 6 ஜனவரி 2024

வணக்கம் டீச்சர், தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். நண்பர்கள் நான்கு பேர் மாதம் ஒருமுறை ஊருக்கு வெளியே கூடாரம் போட்டுத் தங்கிச் சமைக்கிறோம். அதற்காக ஒரு சுள்ளி அடுப்பு வாங்கினேன். இரட்டைச் சுவர் கொண்டது, புகையே வராது என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். முதல் நாளே கண் எரிந்தது, பாத்திரம் கரி பிடித்தது, அரை மணி நேரம் ஊதியும் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவில்லை. இது ஏமாற்று வேலை என்பது என் முடிவு. கேஸ் அடுப்புக்கே மாறிவிடலாமா?

6 ஜனவரி 2024, இரவு

ஏமாற்று வேலை என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால் எனக்கு இரண்டு விவரங்கள் வேண்டும். எந்த மரத்தை எரித்தீர்கள், எவ்வளவு பருமனில் எரித்தீர்கள்? கணக்கு டீச்சராக இருந்துகொண்டே இருபத்திரண்டு ஆண்டுகள் சாரணியர் படையை முகாமுக்கு அழைத்துச் சென்றவள் நான். அடுப்பு புகைந்தால் பெரும்பாலும் குற்றம் குச்சியில்தான் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரட்டைச் சுவர், மேல் விளிம்பில் வரிசையாகத் துளைகள் என்பதெல்லாம் விலையை ஏற்றுவதற்காகச் செய்த அலங்காரம் என்பதே என் எண்ணம். பால்மாவு டப்பாவில் அடிப்பக்கம் நாலைந்து துளை போட்டால் அதே வேலை நடக்கும். எங்கள் அம்மா ராயபுரத்து வீட்டில் வருடக்கணக்காக மரத்தூள் அடுப்பில் சமைத்தார். அதற்கும் இதற்கும் தத்துவம் ஒன்றுதான்.

7 ஜனவரி 2024

வேப்பங்கிளை என்று பதில் வந்திருக்கிறது. போன மாதப் புயலில் தெருவில் சாய்ந்த மரத்திலிருந்து ஒடித்து எடுத்துப் போனீர்களாம். தம்பி, அது விறகில்லை, கீரைத்தண்டு.

அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் பாதிக்கு நெருக்கமாகத் தண்ணீர்தான் இருக்கும். மாதக்கணக்கில் உலர்ந்த விறகில்கூட நூற்றுக்குப் பதினைந்து, இருபது பங்கு ஈரம் தங்கியிருக்கும். மிக்ஜாம் புயல் மழையில் ஊறி, அதன் பிறகு மார்கழிப் பனியையும் குடித்த கிளை ஒரே மாதத்தில் எங்கே உலரப் போகிறது?

பழக்க தோஷத்தில் கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 70 கிலோ கலோரி போதும். உலர்ந்த விறகு கிலோவுக்கு ஏறத்தாழ 4,000 கிலோ கலோரி தரும். வெப்பம் துளியும் வீணாகாது என்று வைத்துக்கொண்டால் 18 கிராம் குச்சியில், அதாவது ஒரு கைப்பிடிக்கும் குறைவான சுள்ளியில், ஒரு லிட்டர் கொதித்துவிட வேண்டும். திறந்த வெளியில் ஆறில் ஒரு பங்கு வெப்பம் பாத்திரத்தைச் சேர்ந்தாலே பெரிய காரியம் என்பதால், நூறு கிராமுக்குச் சற்று மேலே ஆகும்.

ஈர விறகு ஏன் எரியவில்லை என்று கேட்டால், நீரை ஆவியாக்குவதிலேயே வெப்பமெல்லாம் போய்விடுகிறது என்றுதான் வகுப்பில் நாங்கள் சொல்லிக்கொடுத்தோம். அது பாதி விடைதான். நூறு கிராம் பச்சைக் குச்சியில் ஐம்பது கிராம் தண்ணீர் என்றால், அதை விரட்ட முப்பது கிலோ கலோரி சொச்சம் செலவாகும். மீதி ஐம்பது கிராம் மரத்தில் இருநூறு கிலோ கலோரி இருக்கிறது. ஆகவே வெப்பம் போதாமல் இல்லை. அந்தத் தண்ணீர் முழுவதும் வெளியேறும் வரையில் குச்சியின் உள்பக்கம் 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும், ஆனால் மரம் ஆவியாகிப் பற்றிக்கொள்ள அதற்கு மேலும் இருநூறு டிகிரியாவது ஏற வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் வெளிவரும் நீராவியும் எரியாத ஆவியும் சேர்ந்ததுதான் உங்கள் கண்ணை எரித்த வெண்புகை. கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பில் பக்கத்துத் தணல் ஈரக்கட்டையையும் உலர்த்திக் கொடுத்துவிடும். உள்ளங்கையளவு நெருப்பை வைத்துப் பிழைக்கிற சின்ன அடுப்புக்கு அந்தத் தாராளம் கிடையாது.

ஒடித்துப் பாருங்கள். குச்சி சடக்கென்று முறிந்தால் எடுத்துக்கொள்ளலாம். வளைந்து, நார் உரிந்து, முறிய மறுத்தால் போட்டுவிட வேண்டும். தரையில் கிடப்பதைவிட மரத்திலேயே பட்டுப்போய் நிற்கும் குச்சி காய்ந்திருக்கும்.

7 ஜனவரி 2024, பிற்பகல்

பருமன் விஷயத்தை விட்டுவிட்டேன். பென்சில் பருமன் முதல் சுண்டுவிரல் பருமன் வரை இருக்கலாம். கட்டைவிரலைத் தாண்டினால் சின்ன அடுப்பில் புகையத்தான் செய்யும்.

14 ஜனவரி 2024

அடுப்பை நீங்களே வைத்துச் சோதித்துப் பாருங்கள் என்று சொல்லித் தம்பி நேற்று வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போனார். இன்று போகி. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை தெருவுக்குத் தெரு பழைய பாய் எரிகிற நாளில் ஓர் அடுப்பு புகைகிறதா இல்லையா என்று சோதிப்பது எனக்கே சிரிப்பாக இருப்பதால், நாளைக்குத் தள்ளிவைத்தேன்.

15 ஜனவரி 2024

தம்பியின் அடுப்பிலேயே மொட்டை மாடியில் பொங்கல் வைப்பது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். கேஸ் இருக்கும்போது இது எதற்கு என்ற வீட்டுக்காரரின் கேள்வியைக் காதில் வாங்கவில்லை.

அடுப்பு பத்து சென்டிமீட்டர் அகலமும் ஒரு சாண் உயரமும் இருக்கும். ஒன்றரை லிட்டர் பித்தளைப் பானையை ஏற்றினேன். விறகுத்தொட்டியில் வாங்கி, பரணில் வைத்திருந்த சவுக்குக் குச்சி நன்றாகவே எரிந்தது. பால் நுரைத்து ஏறியது, பேரப்பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு தயாராக நின்றார்கள், பொங்கலோ பொங்கல் என்ற கூச்சலும் எழுந்தது. பொங்கிய பால் பானையின் வயிற்றோடு வழிந்து, மேல் விளிம்புத் துளைகளுக்குள் நேராக இறங்கி, தணலை அணைத்துவிட்டது. பொங்கி வழிய வேண்டும் என்பது சம்பிரதாயம், வழிந்தால் அணையும் என்பது இந்த அடுப்பின் அமைப்பு. இரண்டுக்கும் ஒத்துப்போகாது. மீதிச் சமையல் கீழே கேஸில் நடந்தது. வீட்டுக்காரர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுப்பின் இரண்டு சுவர்களுக்கும் நடுவில் பால் காய்ந்து பிடித்திருக்கிறது. அதைச் சுரண்டி எடுக்க ஊசிதான் நுழைகிறது.

28 ஜனவரி 2024

என் முதல் குறிப்பில் சொன்ன ஒரு கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதற்கு ஆதாரம் சமையலறைத் தராசு.

மாடிக் கைப்பிடிச் சுவரின் மறைவில், கடற்காற்று அடிக்காத காலை நேரத்தில், மூடிய அலுமினியப் பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீரை வைத்து, ஒரே கட்டுச் சவுக்குக் குச்சியைப் பென்சில் பருமனுக்குப் பிளந்து மூன்று விதமாக எரித்துப் பார்த்தேன். என் பால்மாவு டப்பாவில், கொஞ்சம் கொஞ்சமாகக் குச்சி போட்டபோது, 130 கிராம் செலவாகிப் பதினான்கு நிமிடத்தில் கொதித்தது, புகையும் இருந்தது. தம்பியின் இரட்டைச் சுவர் அடுப்பில் அதே மாதிரி போட்டபோது 115 கிராமும் பன்னிரண்டு நிமிடமும் ஆனது. இந்த வித்தியாசத்துக்காக யாரும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது முறை, அதே இரட்டைச் சுவர் அடுப்பில் மேல் துளைகளுக்கு ஒரு விரற்கடை கீழ்வரை குச்சிகளை நெருக்கமாக நிரப்பி, மேலே ஒரு துண்டு தேங்காய் நாரும் கற்பூரமும் வைத்து, உச்சியில் தீ வைத்தேன். மூன்று நிமிடம் ஒன்றும் நடக்காததுபோல் இருந்தது. பிறகு மேல் துளைகள் ஒவ்வொன்றிலிருந்தும் சின்னச் சின்ன நாக்குகளாகச் சுடர் உள்நோக்கி நீண்டு, கேஸ் அடுப்பின் வளையத்தைப்போல் எரியத் தொடங்கியது. புகை என்று சொல்ல ஒன்றும் இல்லை. தொண்ணூறு கிராம், பதினொரு நிமிடம், அடியில் ஒரு பிடி கரி மிச்சம்.

இது நடப்பது இப்படித்தான். உச்சியிலுள்ள நெருப்பு கீழே இறங்க இறங்க, அதன் சூட்டில் கீழ்க்குச்சிகள் ஆவியை வெளியேற்றிக் கரியாகின்றன. அடித்துளை வழியே வரும் கொஞ்சக் காற்று அந்த ஆவி முழுவதையும் எரிக்கப் போதாது. இரண்டு சுவர்களுக்கும் நடுவே ஏறி, சூடேறி, மேல் துளைகளில் நுழைகிற இரண்டாவது காற்றுதான் மிச்ச ஆவியைப் பற்றவைக்கிறது. துளைகளில் பாதியைக் களிமண்ணால் அடைத்துப் பார்த்தேன், உடனே புகை திரும்பி வந்தது. ஆகவே துளைகள் அலங்காரம் என்று நான் எழுதியது தவறு. ஆனாலும் ஒன்று. கீழே தீ வைத்து, மேலே குச்சியைத் திணித்துக்கொண்டே இருந்தால் அந்தத் துளைகள் அலங்காரமாகத்தான் நிற்கும். தம்பி செய்தது அதைத்தான்.

29 ஜனவரி 2024

இடையில் குச்சி போடாமல் எப்படிச் சோறு வடிப்பது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஒரு நிரப்பலுக்குப் பதினைந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். தேநீர், கஞ்சி, ரவை உப்புமா வரை அது போதும். சோற்றுக்கு, உலை கொதித்து அரிசி போட்டு மறுபடி ஒரு கொதி வந்ததும் இறக்கி, பாத்திரத்தை மூடியோடு போர்வையில் சுற்றி முக்கால் மணி நேரம் வைத்துவிடுவேன். வடிக்காமல் அளவுத் தண்ணீர் வைத்தால் பதமாக வெந்திருக்கும். இந்த அடுப்பில் தீயைக் குறைத்து வைக்க வழியில்லை என்பதால், குழம்பு சுண்டவைக்க ஆசைப்படாதீர்கள்.

3 பிப்ரவரி 2024

இன்னொரு தவறும் அகப்பட்டுவிட்டது. மரத்தூள் அடுப்பும் இதுவும் ஒரே தத்துவம் என்று நான் எழுதியதை ஒருவர் மறுத்திருக்கிறார், அவர் சொல்வது சரி.

பார்க்காதவர்களுக்காக அதை விவரிக்கிறேன். பெரிய தகர டின்னின் பக்கவாட்டில், அடியை ஒட்டி ஒரு துளை இருக்கும். அம்மா டின்னின் நடுவில் ஒரு கண்ணாடிப் பாட்டிலை நிறுத்துவார், பக்கத் துளை வழியாக ஓர் உருட்டுக்கட்டையை நுழைத்துப் பாட்டிலின் அடியைத் தொடவைப்பார், பிறகு மரம் அறுக்கும் மில்லில் சாக்குக் கணக்கில் வாங்கிய தூளைக் கொட்டிக் கையால் குத்திக் குத்தி இறுக்குவார். பாட்டிலையும் கட்டையையும் பதமாகத் திருகி உருவினால் நடுவில் ஒரு குழாயும் அடியில் ஒரு சுரங்கமும் நிற்கும். பாட்டிலை உருவும் அந்த நொடியில் நாங்கள் யாரும் பக்கத்தில் தும்மக்கூட முடியாது, தூள் சரிந்தால் முதலிலிருந்து இறுக்க வேண்டும். சுரங்கத்தில் தீ வைத்தால் காற்று அடியில் நுழைந்து குழாய் வழியாக ஏறும், தூள் உள்ளிருந்து வெளியே மெல்ல எரியும், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு யாரும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. அங்கே நெருப்பு நடுவிலிருந்து பக்கவாட்டில் பரவுகிறது, சூடேறிய இரண்டாவது காற்று என்ற பேச்சே இல்லை.

ஒரே ஒரு பொருத்தம் உண்டு. இரண்டிலும் எரிபொருளை முதலிலேயே ஒழுங்காக அடுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரிய வேண்டும். அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு ஊதாங்குழலைக் கீழே வைக்க மனம் வராது.

9 பிப்ரவரி 2024

தீ மூட்டுவதற்குப் பன்னாடையைவிடச் சிறந்தது எதுவுமில்லை. தென்னையிலோ பனையிலோ மட்டையின் அடியைச் சுற்றி வலைபோல் இருக்குமே, அதுதான். வகுப்பில் எத்தனையோ பேரை இந்தப் பெயரால் திட்டியிருக்கிறேன். ஒரே தீக்குச்சியில் பற்றிக்கொள்ளும் சாமர்த்தியம் அவர்களில் பாதிப் பேருக்கு இருந்ததில்லை என்பதால், பன்னாடையிடம்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கற்பூரம் காற்றிலும் எரியும், ஆனால் பாத்திரத்தில் கரி ஏற்றும். அது எரிந்து முடிந்த பிறகே பாத்திரத்தை வையுங்கள்.

11 மார்ச் 2024

பழவேற்காடு போகும் வழியில் உறவினர் ஒருவரின் சவுக்குத் தோப்பில், பழைய மாணவிகள் ஏழு பேருடன் இரண்டு நாள் தங்கிவிட்டு நேற்று திரும்பினேன். தோப்பு முழுவதும் மிலாறு, அதாவது மெல்லிய சவுக்குச் சுள்ளி, குவிந்து கிடந்தது. நீராவி எஞ்சினுக்கு விறகு வேண்டும் என்பதற்காகவே வெள்ளைக்காரர்கள் இந்தக் கடற்கரையில் சவுக்கை நட்டுப் பரப்பினார்கள். 1856இல் எங்கள் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்ட ரயிலில் தொடங்கிய பசி அது. எஞ்சின் போய்விட்டது, மரம் நின்றுவிட்டது. அடர்த்தியான மரம், நின்று எரியும், தணல் பிடிக்கும். சவுக்குக் காய்களைக் கடைசியில் ஒரு பிடி போட்டால் தணல் இன்னும் கால் மணி நேரம் தாங்கும்.

அங்கே இரண்டு தவறுகள் நடந்தன, இரண்டும் என்னுடையவை.

முதலாவது, எட்டுப் பேருக்கு உலை வைக்கும் நான்கு லிட்டர் குண்டானைப் பத்து சென்டிமீட்டர் அடுப்பின் தலையில் ஏற்றினேன். ஒரு பெண் கரண்டியால் கிளறியதும் குண்டான் ஒரு பக்கம் சாய்ந்து, வெந்தும் வேகாத அரிசி மணலில் கொட்டியது. யார் காலிலும் படாதது எங்கள் அதிர்ஷ்டம். அடுத்த வேளைக்கு மூன்று செங்கற்களைச் சுற்றி நிறுத்தி, பாரத்தைச் செங்கல் தாங்க, அடுப்பை நடுவில் சும்மா நெருப்புக்கூடாக மட்டும் வைத்தேன். அப்போதும் இரண்டு முறை நிரப்ப வேண்டியிருந்தது. ஒருவர் இருவருக்கு, ஒரு லிட்டர் பாத்திரத்துக்கு, இந்த அடுப்பு போதும். அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் மூன்று கல் வைத்துப் பெரிய அடுப்பாக மூட்டுவதே மேல்.

இரண்டாவது தவறுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. சவுக்குச் சருகு மெத்தைமாதிரி நாலு விரற்கடை கனத்துக்குக் கிடந்தது. அடுப்புக்கு அடியில் மட்டும் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அடித்துளையிலிருந்து ஒரு கங்கு விழுந்து, ஒரு முழம் தள்ளிச் சருகுக்குள் நூல்மாதிரிப் புகை எழும்பியபோதுதான் கவனித்தேன். பக்கத்தில் வாளித் தண்ணீர் இருந்ததால் கதை அதோடு முடிந்தது. குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன பிள்ளைகள் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது 2018ஆம் ஆண்டு இதே மார்ச் 11ஆம் தேதிதான். அந்தத் தேதியைச் சொல்லிச் சொல்லியே மாணவிகளைப் பயமுறுத்தி வந்தவள் நான். இனிமேல் சுற்றிலும் ஒரு மீட்டருக்கு வெறும் மணல் தெரியும் வரை கூட்டிவிட்டு, மணல் பரப்பிய பழைய தாம்பாளத்தின் மேல்தான் அடுப்பை வைப்பேன்.

12 மார்ச் 2024

ஒருவர் கேட்டதற்கு ஒரு வரியில் பதில்: கூடாரத்துக்குள் கூடவே கூடாது, புகை இல்லாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு இருக்கும், அதற்கு மணமும் கிடையாது.

20 ஏப்ரல் 2024

எதை எரிக்கலாம் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். எதை எரிக்கக்கூடாது என்பதை முதலில் சொல்கிறேன், நம் பக்கத்தில் அதற்குத்தான் பஞ்சமில்லை.

துறைமுகத்தை ஒட்டிய சாலைகளில் உடைந்த சரக்குப் பலகைகள் எளிதாகக் கிடைக்கும். மெத்தென்ற பைன் மரம், கத்தி வைத்தால் சிராய் சிராயாகப் பிளக்கும், பார்த்தால் ஆசை வரும். பலகையில் சுட்டிருக்கும் முத்திரையைப் படிக்காமல் எடுக்காதீர்கள். எச்.டி. (HT) என்றிருந்தால் பூச்சியைக் கொல்ல வெப்பமூட்டியது, எரிக்கலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயுவில் வைத்தது, தொட வேண்டாம். முத்திரையே இல்லாத பலகையையும் நான் எடுப்பதில்லை, அதன்மேல் என்ன கொட்டியது என்று யாருக்குத் தெரியும்?

காசிமேட்டில் கிடைக்கும் பழைய படகுப் பலகை பெயின்ட்டும் கடல் உப்பும் ஊறியது, கரையில் ஒதுங்கும் கட்டையும் அப்படியே. உப்பேறிய மரத்தின் புகை கெடுதல், அடுப்புத் தகரத்தையும் அரித்துவிடும். போன டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பக்கத்துக் கட்டையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

நெடுஞ்சாலை நடுத்திட்டில் பூத்துக் குலுங்கும் அரளி, வேர் முதல் பூ வரை விஷம். அதன் குச்சியை எரித்த புகையும் ஆகாது, அதில் எதையும் குத்திச் சுட்டும் தின்னக்கூடாது. முகாமில் ஒரு சிறுமி நேரான குச்சி என்று அதைத்தான் கொண்டுவந்து கொடுத்தாள். சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த தில்லை மரத்தின் பாலும் புகையும் கண்ணுக்குக் கெடுதல், சதுப்பு நிலக் காட்டோரம் போகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நல்லவை என்றால் சவுக்கு, சீமைக்கருவேலம், நன்கு காய்ந்த வேம்பு, தென்னம்பாளை ஆகியவை. கருவேலத்தின் சூடு அபாரம், முள்ளும் அபாரம். கொட்டாங்கச்சி கொழுந்துவிட்டு எரியும், ஆனால் எண்ணெய்க்கரி படிந்து பாத்திரம் பிசுபிசுக்கும். ஏற்றுவதற்கு முன் பாத்திரத்தின் வெளிப்பக்கம் சாம்பலைக் குழைத்துப் பூசிவிட்டால் கரி தண்ணீரோடு கழுவிப் போய்விடும். இது பாட்டி காலத்து வேலை, சோப்பைத் தடவினாலும் அதே பலன்.

12 மே 2024

டப்பா அடுப்பு செய்து பார்க்கிறேன் என்கிறவர்களுக்கு. என் பால்மாவு டப்பா ஐந்தே மாதத்தில் அடி துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது, ராயபுரத்து உப்புக்காற்று தகரத்துக்கு எமன். துத்தநாகப் பூச்சுள்ள தகரத்தை வாங்கினால் துரு வராதே என்று ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். வேண்டாம். சூட்டில் அந்தப் பூச்சு புகைந்து, அதை மூச்சில் இழுத்தவருக்குக் காய்ச்சல் கண்டு நடுக்கும், வெல்டிங் பட்டறைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நான் கண்ட மலிவான வழி, சுற்றிலும் துளை போட்ட எவர்சில்வர் கரண்டிக்கூடு. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு காயலான் கடையில் எடைக்குப் போட்டிருந்ததை எழுபது ரூபாய்க்கு வாங்கி, குச்சி நுழைக்க அடியை ஒட்டி ஒரு வாயைத் தகர வேலை செய்பவரிடம் வெட்டிக்கொண்டேன். ஒற்றைச் சுவர்தான், புகை கொஞ்சம் உண்டு, ஆனால் எரியும்போதே குச்சி போடலாம், துருப்பிடிக்காது. தம்பியின் விலைக்கு இப்படி எத்தனையோ வாங்கலாம். அவருடைய அடுப்பில் பாத்திரம் தாங்கும் கம்பி வளையம் போன வாரம் பற்றுவிட்டுக் கழன்றுவிட்டது என்பதையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். விற்றவர்களுக்கு எழுதினேன், பதிலில்லை. அதே தகர வேலைக்காரர் பொருத்திக் கொடுத்தார்.

13 மே 2024

எழுபது ரூபாய் கூட்டுக்கு நூற்றைம்பது ரூபாய் வெட்டுக்கூலி கொடுத்ததை ஏன் சொல்லவில்லை என்று வீட்டுக்காரர் கேட்கிறார். சொல்லிவிட்டேன்.

7 ஜூலை 2024

கேஸ் அடுப்புக்கு மாறலாமா என்ற மூலக் கேள்விக்கு நான் இன்னும் பதிலே சொல்லவில்லை என்று தம்பி நினைவூட்டியிருக்கிறார். நான்கு பேருக்குச் சோறு, குழம்பு என்று சமைப்பதானால் கேஸ்தான் சரி. தீயைக் குறைக்கலாம், ஏற்றலாம், பாத்திரமும் கரியாகாது. ஆனால் எரிவாயு உருளையை ரயிலில் கொண்டுபோகக்கூடாது, 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி அது குற்றம். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. போன ஆண்டு ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில்பெட்டியில், யாத்திரை வந்தவர்கள் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். ரயிலில் போவதானால் வெறும் சுள்ளி அடுப்பைப் பையில் போட்டுக்கொண்டு, போகிற இடத்தில் குச்சி பொறுக்கிக்கொள்ளலாம் என்பதுதான் இதன் உண்மையான ஆதாயம். பைக்கில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகிற உங்களுக்கு அந்த ஆதாயம் பெரிதில்லை.

27 அக்டோபர் 2024

மலையேற்றத்துக்கு வனத்துறையே நாற்பது தடங்களைத் திறந்து முன்பதிவு தொடங்கிவிட்டதே, அங்கே இந்த அடுப்பைக் கொண்டுபோகலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கூடாது. காப்புக்காட்டுக்குள் நெருப்பு மூட்டுவது 1882ஆம் ஆண்டு வனச்சட்டத்திலிருந்தே குற்றம், அடுப்பு சின்னதென்பதால் சட்டம் சின்னதாகாது. காட்டுக்குப் போகும் நாளில் புளிசோறு கட்டிக்கொள்ளுங்கள். சுள்ளி அடுப்புக்குத் தோப்பு, வயல், அனுமதி கிடைத்த முகாம் திடல், அல்லது என்னைப்போல் மொட்டை மாடி.

1 டிசம்பர் 2024

நேற்று ஃபெஞ்சல் புயல் மழையில் எங்கள் தெருவில் காலையிலிருந்து மின்சாரம் இல்லை, சிலிண்டரும் பார்த்து அன்றுதான் தீர்ந்தது. மாடிப்படியின் மேல் முகப்பில், இரண்டு பக்கமும் திறந்த கூரையின் கீழ் தம்பியின் அடுப்பைத் தாம்பாளத்தோடு வைத்தேன். பரணில் சாக்கில் கட்டியிருந்த சவுக்குக் குச்சியே ஈரக்காற்றில் நமத்துப்போய், ஒடித்தால் சடக்கென்ற சத்தம் வரவில்லை. பட்டையைச் சீவி எறிந்துவிட்டு, கட்டைவிரல் பருமனுள்ள குச்சிகளை அரிவாள்மணையில் நான்காகப் பிளந்தேன். வெளிப்பக்கம் கறுத்து நசநசத்திருந்தாலும் நடுவில் வெளுத்த, காய்ந்த மரம் இருந்தது. அந்த நடுச்சிராயை மட்டும் மேலே அடுக்கி, பிளந்த மீதியைக் கீழே நிரப்பி, உச்சியில் இரண்டு கற்பூரம் வைத்தேன். முதல் ஐந்து நிமிடம் புகைந்தது. பிறகு மேல் துளைகளில் நாக்குகள் எட்டிப்பார்த்தன. சுக்குக்காப்பிக்குப் பதினெட்டு நிமிடம் ஆனது, ஜனவரிக் கணக்கோடு பார்த்தால் மோசம்தான். வீட்டுக்காரர் இரண்டு டம்ளர் குடித்தார்.

2 டிசம்பர் 2024

தம்பியிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. அவர் வீட்டிலும் நேற்று முன்தினம் சிலிண்டர் தீர்ந்ததாம். "ஜனவரியில் கொடுத்த அடுப்பை எப்போது திருப்பித் தருவீர்கள் டீச்சர்?" என்று கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளலாம். பொங்கல் பாலை இன்னும் முழுவதும் சுரண்டவில்லை, வரும்போது ஒரு கோணி ஊசி கொண்டுவரவும்.